உஷார்! முடிவெடுத்த முதல் வாரம்தான் ஆபத்து

“இந்தத் தடவை எப்படியும் இளைச்சுடுவேன்” என்று வீட்டில் யாராவது சொன்னால், கைதட்டுவதற்கு முன் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த வீடியோவைப் பார்த்தாய்? எங்கே பணம் கட்டப் போகிறாய்? எதைச் சாப்பிடப் போகிறாய், எதை நிறுத்தப் போகிறாய்? தயங்காமல் கேளுங்கள். உடம்பைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுத்த முதல் சில நாட்களில்தான் ஒரு மனிதர் மிக எளிதாக ஏமாறுகிறார், தன் உடம்பை மிக எளிதாகக் கெடுத்துக்கொள்கிறார்.

2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் அருகே 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். திருச்சியில் பொறியியல் கல்லூரியில் சேரவிருந்த பையன். வகுப்பு தொடங்குவதற்குள் இளைத்துவிட வேண்டும் என்று, யூடியூபில் பார்த்த முறைப்படி ஏறக்குறைய மூன்று மாதம் பழச்சாற்றிலேயே இருந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அதே ஆண்டு மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண் ஒருவர், எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கித் தலச்சேரி மருத்துவமனையில் உயிரை விட்டார். 2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி. எடை குறையும் என்று ஒரு வீடியோ சொன்னதை நம்பி நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் (போராக்ஸ்) வாங்கிச் சாப்பிட்டார். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. காப்பாற்ற முடியவில்லை.

இவர்களில் யாருக்காவது மன உறுதி குறைவாக இருந்ததா? மூன்று மாதம் சோற்றைத் தொடாமல் இருப்பது சாதாரண உறுதியா? பருமனாக இருப்பவரைப் பார்த்து “வாயைக் கட்ட முடியலை, அதான்” என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கல்யாண வீட்டில், ஆபீஸ் கேன்டீனில், தாத்தாவின் திவசத்தில் கூடச் சொல்கிறோம். அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, “எனக்கு உறுதி இருக்கிறது என்று காட்டுகிறேன் பார்” என்று ஒரு நாள் கிளம்புகிறது. அப்படிக் கிளம்பும் உறுதிக்குக் கண் கிடையாது. யார் வழி காட்டினாலும் பின்னால் போய்விடும்.

நான் இதைச் சரோஜினி நகரை மனதில் வைத்து எழுதுகிறேன். டெல்லித் தமிழர்கள் வாழ்ந்த, வாழ்கிற பகுதி. விநாயகர் கோயில் இங்கே இருக்கிறது, டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) பள்ளி பக்கத்து லட்சுமிபாய் நகரில். முருகன் கோயிலான மலை மந்திர் ராமகிருஷ்ணபுரத்தில். எய்ம்ஸும் சப்தர்ஜங் மருத்துவமனையும் கூப்பிடு தூரம். இந்தியா முழுக்கத் தெரிந்ததோ இங்குள்ள துணி மார்க்கெட். ஏற்றுமதியில் மிச்சமான உடுப்புகள் நூறு, இருநூறு ரூபாய்க்குக் குவிந்து கிடக்கும். தெருக்கடையில் போட்டுப் பார்க்க அறை கிடையாது. வாங்கினால் வாங்கியதுதான், பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. பெண்கள் பலர் இங்கே தங்கள் அளவைவிட ஒரு சைஸ் சின்னதாக ஜீன்ஸ் வாங்குவதைக் கவனித்திருக்கிறேன். “இதுல நுழையற வரைக்கும் விடமாட்டேன்.” அந்த ஜீன்ஸ் இருநூறு ரூபாயோடு போய்விடும், பரவாயில்லை. ஆனால் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது ஒரு அவமானமாக அங்கே தொங்கும். சில மாதம் கழித்து அதே அவமானம் பெரிய தொகைக்குச் செக் எழுத வைக்கும். இப்போதிருக்கும் உடம்புக்குப் பொருந்துகிற, நடப்பதற்கு வசதியான ஒரு சல்வாரை வாங்குங்கள். இளைத்த பிறகு மார்க்கெட் ஓடிவிடாது.

அந்தப் பெரிய தொகை எங்கே போகிறது என்று பார்ப்போம். முடிவெடுத்தவர் முதலில் போய் நிற்கும் இடம் ஜிம். “மாசா மாசம்னா இவ்வளவு, ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா பாதி விலை. ஆஃபர் சிர்ஃப் ஆஜ் கே லியே, மேடம்.” இன்றைக்கு மட்டும்தான் சலுகை. நாளைக்குப் போனாலும் அதே வசனம்தான் என்று எதிரில் நிற்பவருக்கு அப்போது தோன்றாது. மொத்தமாகக் கட்டிவிட்டால் போயே ஆக வேண்டும், பணம் வீணாகக் கூடாது என்ற பயமே நம்மை இழுத்துக்கொண்டு போகும் என்று நம்புகிறோம். அது நடப்பதில்லை. அமெரிக்காவில் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மூன்று ஜிம்களின் உறுப்பினர் பதிவேடுகளை அலசி 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4 தடவை சொச்சம்தான் வந்திருந்தார்கள். ஒவ்வொரு வருகைக்கும் அவர்களுக்கு 17 டாலருக்கு மேல் ஆகியிருந்தது. பத்துத் தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான். அத்தனை பேரும் பணம் கட்டிய நாளில் உறுதியோடு இருந்தவர்கள். வரப்போகும் நாட்களிலும் இதே சூடு இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள், அவ்வளவுதான். ஜிம்காரர்களுக்கு அந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். மாதத்துக்கான விலை கூடுதலாகத் தெரியும், தெரியட்டும். ஜிம் வேண்டுமா என்பதையே முதல் மாதம் முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்து ஸ்லிம்மிங் சென்டர்கள். இந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்று பிறந்தது நம் பக்கத்தில்தான். வந்தனா லூத்ரா 1989இல் வி.எல்.சி.சி.யின் முதல் மையத்தைத் தொடங்கியது சப்தர்ஜங் பகுதியில்தான். அதே நிறுவனத்துக்கு, கொழுப்பை உறைய வைக்கும் கூல்ஸ்கல்ப்டிங் சிகிச்சை பற்றித் தவறான நம்பிக்கை தரும் விளம்பரம் செய்ததற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் 3 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஒரே அமர்வில் இத்தனை கிராம், இத்தனை சென்டிமீட்டர் குறையும் என்ற தோரணையில் இருந்தன அந்த விளம்பரங்கள். காயா நிறுவனத்துக்கும் அதே சிகிச்சை தொடர்பாக அதே அளவு அபராதம். ஆணையம் சொன்ன முக்கியமான விஷயத்தை ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: அந்த இயந்திரம் உடம்பில் சில இடங்களில் திரண்டு நிற்கும் கொழுப்பைக் குறைக்க மட்டுமே, பிஎம்ஐ 30 அல்லது அதற்குக் கீழ் இருப்பவர்களுக்கானது, எடை குறைப்புக்கு அது சிகிச்சையே அல்ல. எடை குறைய வேண்டும் என்று தவிப்போடு போகிறவருக்கு, எடையைக் குறைக்காத ஒன்றைக் காட்டி ஆசை மூட்டுவதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது?

அறுவைச் சிகிச்சைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் போன 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் இறந்தார். அரசு விசாரணை நடத்தியது, மருத்துவமனையின் அனுமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. இந்த அறுவைச் சிகிச்சை தகுதியானவர்களுக்கு உயிர் காக்கும் மருத்துவம்தான், அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் இதய நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் அந்தக் கட்டடத்திலேயே இருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மேஜையில் படுக்காதீர்கள். விலை குறைவு என்பதற்காக இடத்தைத் தேர்ந்தெடுக்கவே கூடாத ஒரு விஷயம் இது.

இப்போது புதிதாக வந்திருப்பது எடைக் குறைப்பு ஊசி. மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. ஆபீஸ் லஞ்ச் நேரத்தில் இப்போது இந்தப் பெயர்கள் காய்கறி விலைபோலப் புழங்குகின்றன. இந்த மருந்துகள் வேலை செய்கின்றன. வெகோவியில் உள்ள செமாகுளுடைடு என்ற மருந்தைப் பற்றிய பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் வரை குறைந்தது. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. கல்யாணத்துக்காக மூன்று மாதம் போட்டுக்கொண்டு விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். தசையும் சேர்ந்து கரையும், கணையம், பித்தப்பைத் தொந்தரவு சிலருக்கு வரும், யாருக்குப் போடவே கூடாது என்றும் விதிகள் உண்டு. டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும். போலிகளும் இருக்கின்றன. போலி செமாகுளுடைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எல்லா நாடுகளையும் எச்சரித்தது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி “பாதி விலை, சீட்டு வேண்டாம்” என்பவரிடம் வாங்கும் ஊசிக்குள் என்ன இருக்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம். சிபுட்ரமின் என்ற எடைக் குறைப்பு மாத்திரை ஒரு காலத்தில் இங்கே சர்வசாதாரணமாக விற்றது. இதயத்துக்குக் கேடு என்று தெரிந்த பிறகு 2011இல் இந்தியா அதைத் தடை செய்தது. “மூலிகை” என்று லேபிள் ஒட்டிய ஸ்லிம்மிங் பொடிகளில் அதைக் கலந்து விற்பது உலகம் முழுக்கப் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. பொடியைச் சாப்பிட்டதும் படபடப்பு, தூக்கமின்மை, பசியே இல்லாமல் போவது என்றால் “நல்லா வேலை செய்யுது” என்று மகிழ வேண்டாம். அன்றே நிறுத்துங்கள்.

டெல்லிக்கே உரிய இன்னொரு ஆபத்து உண்டு. நம் சங்கல்பங்கள் பெரும்பாலும் ஜனவரி 1இல் பிறக்கின்றன. டெல்லியில் நடைப்பயிற்சியைத் தொடங்க அதைவிட மோசமான நாள் கிடையாது. அதிகாலைக் குளிரில் காற்று மேலே எழும்பாமல் தரையோடு படிந்து நிற்கும். ரிங் ரோடு லாரிப் புகை, கட்டுமானத் தூசி எல்லாம் அதற்குள்தான். அந்த நேரத்தில் வேகமாக நடந்தால் சாதாரணமாக இழுப்பதைவிடப் பல மடங்கு காற்றை நுரையீரல் இழுக்கும். ஐந்தரை மணிக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு இருமியபடி நடக்கும் பெரியவர்களைப் பார்க்கும்போது ஓடிப்போய் நிறுத்தத் தோன்றுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் ராமகிருஷ்ணபுரம் நிலையத்தின் காற்றுத் தர எண்ணைப் பாருங்கள். 300ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம், உட்கார்ந்து எழலாம், சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கலாம். குளிர்காலத்தில் வெயில் ஏறிய மத்தியான நேரம் காலையைவிட எவ்வளவோ மேல். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை அதிகாலை நடையை மறந்துவிடுவது நல்லது. மே, ஜூனில் கதை தலைகீழ். அப்போது ஏழு மணிக்கே வெயில் அடிக்கும், அதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

நடப்பதற்கு இடமும் சுருங்கிவிட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய பழைய குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே வேப்ப மர நிழலில் சந்துகள் ஓடின. சரோஜினி நகரையும் சேர்த்து ஏழு காலனிகளை இடித்துக் கட்ட 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2018 ஜூனில் மரம் வெட்டுவதற்கு எதிராக மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துப் போராடினார்கள், உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஆனாலும் அந்தச் சந்துகள் திரும்பி வரவில்லை. முன்பெல்லாம் பால் வாங்கப் போவதே ஒரு நடையாக இருந்தது. இன்று லிஃப்ட், கார் நிறுத்துமிடம், மறுபடி லிஃப்ட். ஒருவரின் மன உறுதி குறைந்ததால் மட்டும் தொப்பை வந்துவிடவில்லை, ஐயா. ஊரே நடையைப் பிடுங்கிக்கொண்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் டெல்லிப் பெண்களில் 41.3 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன். தமிழ்நாட்டில் 40.4. பத்துக்கு நான்கு பேருக்கு ஒரே சமயத்தில் மனம் பலவீனமாகிவிட்டது என்று எந்த நியாயத்தில் சொல்ல முடியும்?

அப்படியானால் மனதைத் தயார் செய்வதே வேண்டாமா? வேண்டும். ஆனால் அதன் முகம் நாம் நினைப்பதுபோல் இருக்காது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்ற உளவியலாளரின் குழு, 96 பேரிடம் தினமும் ஒரு சின்னப் பழக்கத்தைச் செய்யச் சொல்லிப் பார்த்தது. தினமும் குறிப்பிட்ட வேளையில் ஒரு பழம், சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம் என்கிற மாதிரி. அது யோசிக்காமலே செய்யும் பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய கேடு எதுவும் வரவில்லை. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆசைப்படுகிறேன். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு “எல்லாம் போச்சு” என்று மொத்தத்தையும் கைவிடுகிறவர்கள் எத்தனை பேர்! ஒன்றும் போகவில்லை. மறுநாள் வழக்கப்படி நடந்தால் போதும்.

சரோஜினி நகர் மெட்ரோவில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலையம் தரைக்குக் கீழே. எஸ்கலேட்டரை விட்டுப் படியேறுவது, வெளியே வந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் போவது. இவ்வளவு சிறியதை, ஆபீஸ் நாள் தவறாமல், அதே இடத்தில், அதே நேரத்தில். மெட்ரோக் கதவு திறந்தால் கால் தானாகப் படிக்கட்டுப் பக்கம் போக வேண்டும். மார்க்கெட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்குக் கூட்டமில்லாமல் அங்கேயே நடக்கலாம். மற்ற நாளில் ஆலு டிக்கியும் மோமோவும் வாசனையால் இழுக்கும் வழியைத் தவிர்த்துப் பாபு மார்க்கெட் காய்கறிக் கடைகள் வழியாகப் போங்கள். ஆசையோடு தினம் மல்லுக்கட்டுவதைவிட வழியை மாற்றுவது சுலபம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது தெளிவானது: வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது பாதுகாப்பு, நாளுக்கு 1000 கலோரிக்குக் கீழே போகும் டயட் கூடாது. அரைக் கிலோ என்று கேட்டதும் முகம் வாடிவிடும், தெரியும். வேகமாகக் குறைத்தவர்கள் கதை என்ன ஆனது என்று பாருங்கள். அமெரிக்காவில் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்ற டிவி போட்டி. கெவின் ஹால் என்ற அரசு ஆய்வாளர் அதன் 14 போட்டியாளர்களை ஆறு வருடம் கழித்துச் சோதித்து 2016இல் எழுதினார். முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ இழந்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பிவிட்டது. அதைவிடக் கொடுமை, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி, அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே இருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து அடுப்பைச் சிறியதாக வைத்துக்கொண்ட உடம்பு, ஆறு வருடமாகியும் அதைக் கூட்டவில்லை.

வீட்டில் சமைப்பவரை மறந்துவிட்டு எந்தத் திட்டமும் போடாதீர்கள். காலை ஏழு மணிக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, தானும் அமைச்சகத்துக்கு ஓடும் பெண்ணிடம் போய் “எனக்கு இனிமே தனியா மில்லட், தனியா சாலட்” என்று கணவர் சொன்னால் அது அவருடைய உறுதி அல்ல, அவள் தலையில் ஏற்றிய சுமை. அவளே இளைக்க நினைத்தால் நிலைமை இன்னும் மோசம்: எல்லோருக்கும் நெய்த் தோசை வார்த்துவிட்டு, இவள் மட்டும் வெள்ளரிக்காயோடு ஒதுங்கி நிற்பாள். பத்து நாள் தாங்கும். எண்ணெயைக் குறைப்பது, சாதத்தைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுவது, ராத்திரிச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பது எல்லாம் வீட்டில் எல்லோருக்குமாக நடந்தால்தான் நிற்கும்.

தொடங்குவதற்கு முன் ஒரு தடவை ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ஜிம்மில் எடை தூக்குவதற்கு முன் டாக்டரிடம் இதயத்தைக் காட்டுவது அவசியம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுவார்கள். வாரம் ஒருநாள் எடை பாருங்கள், தினம் வேண்டாம். இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் நம் நாட்டவருக்கான எல்லை.

பணத்தை ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். ரசீதையும் விளம்பரப் படத்தையும் பத்திரமாக வையுங்கள். வீட்டில் ஒரு பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போகிறாளா, சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுகிறாளா, இளைத்த பிறகும் “குண்டா இருக்கேன்” என்கிறாளா? திட்டாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கூப்பிடுங்கள். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. டயட்டில் இருப்பவருக்குப் படபடப்பு, மூச்சுத் திணறல், மயக்கம், கைகால் மரத்துப்போவது என்று வந்தால் காலை வரை காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். எடை குறைக்க என்று ஏதாவது பொடியோ கட்டியோ விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால், எய்ம்ஸில் உள்ள தேசிய விஷ முறிவுத் தகவல் மையத்தின் எண் 1800 116 117. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். நீங்களாக உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். வாங்கிய பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.